ஒரு தூணைத் தொட்டால் 24 தூணும் வருகிறது: குரூப்பை அவிழ்ப்பதும் பிளாக்கை உடைப்பதும்

ராணிப்பேட்டையில் ஒரு ஸ்ட்ரக்சரல் கன்சல்டன்ட் ஆபீசில் சேர்ந்து நாலு மாதம் ஆன தம்பி ஒருவரின் கேள்வி இது. சிப்காட்டில் ஒரு ஷெட். சென்னை ஆர்க்கிடெக்ட்டிடமிருந்து ஆட்டோகேட், அதாவது கம்ப்யூட்டரில் கட்டட வரைபடம் போடும் மென்பொருளின் ஃபைல் வந்திருக்கிறது. இரண்டு வரிசையில் 24 தூண். அதில் ஒரே ஒரு தூணை 150 மி.மீ. தள்ள வேண்டும். ஆனால் எந்தத் தூணைத் தொட்டாலும் எல்லாத் தூணும், தூண் வரிசைகளைக் காட்டும் கிரிட் கோடுகளும், அவற்றின் ஓரத்தில் பெயர் போட்ட வட்டங்களான பபுள்களும் சேர்ந்து செலக்ட் ஆகின்றன. பக்கத்து சீட்டுக்காரர் "எக்ஸ் என்டர் அடிப்பா, உடைஞ்சிடும்" என்றாராம். அடித்தார். தூண்கள் கோடுகோடாகச் சிதறிவிட்டன. பபுளுக்குள் ஏ, பி, 1, 2 என்று இருந்த இடத்திலெல்லாம் ஒரே வார்த்தை வந்து உட்கார்ந்திருக்கிறது. கிரிட் கோடுகளோ இன்னமும் ஒன்றைத் தொட்டால் எல்லாம் வருகின்றன. நடுவில் சேவும் செய்துவிட்டார். "குரூப்பைப் பிரிக்க என்னதான் சார் வழி?" என்கிறார்.

தம்பி, வழி சொல்வதற்கு முன்னால் ஒன்று: இன்னொரு தடவை சேவ் அடிக்காதீர்கள். ஃபைலை இன்னும் மூடவில்லை என்றால் கண்ட்ரோல் இசட் அடித்துக்கொண்டே பின்னால் போங்கள். சேவ் செய்தபிறகும் ஆட்டோகேட்டில் அன்டூ வேலை செய்யும், ஃபைலை மூடினால்தான் அந்த வரலாறு போகும். மூடிவிட்டீர்கள் என்றால் அதே ஃபோல்டரில் அதே பெயரில் பி.ஏ.கே. என்ற வால் வைத்த ஃபைல் ஒன்று இருக்கும். ஒவ்வொரு சேவின்போதும் அதற்கு முந்தைய சேவ் அந்த ஃபைலுக்குள் போய்விடும். நீங்கள் கெடுத்தபிறகு ஒரே ஒரு முறைதான் சேவ் செய்திருந்தால் நல்ல டிராயிங் அதற்குள் பத்திரமாக இருக்கிறது. இரண்டாவது சேவ் அடித்தால் அதன்மேலும் கெட்டது ஏறிவிடும். அதை வேறு ஃபோல்டருக்கு காப்பி செய்து, வாலை டி.டபிள்யூ.ஜி. என்று மாற்றித் திறந்து பாருங்கள். எதுவும் இல்லாவிட்டால் ஆர்க்கிடெக்ட் அனுப்பிய மெயில் இருக்கவே இருக்கிறது, மறுபடி இறக்கிக்கொள்ளுங்கள். புதுசாக வேலைக்கு வருகிறவர்கள் இதை மறந்துவிட்டு, கெட்ட ஃபைலை வைத்துக்கொண்டு ராத்திரி 9 மணி வரை ரிப்பேர் பார்ப்பார்கள்.

இப்போது என்ன நடந்தது என்று பார்க்கலாம். நீங்கள் சொன்ன மூன்று அறிகுறியிலேயே முழுக் கதையும் இருக்கிறது.

ஆம்பூர் பக்கம் போயிருப்பீர்கள். தோல் கிடங்கில் பதனிட்ட தோலை அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருப்பார்கள். கட்டைத் தூக்கினால் எல்லாத் தோலும் சேர்ந்து வரும். கயிற்றை அவிழ்த்தால் ஒவ்வொரு தோலும் தனித்தனி, எதற்கும் ஒரு கீறல் விழாது. அதே தோல் ஷூவாகத் தைக்கப்பட்டபிறகும் எல்லாத் துண்டும் சேர்ந்துதான் வரும். ஆனால் அதைப் பிரிக்க வேண்டுமென்றால் தையலை அறுக்க வேண்டும், அறுத்தால் அது ஷூவாக இருக்காது. ஆட்டோகேட்டில் குரூப் என்பது கயிறு. பிளாக் (ஒரே பெயரில் சேர்த்து வைத்த படம்), பாலிலைன் (பல கோடு சேர்ந்த ஒரே கோடு), டைமென்ஷன் (அளவுக் குறி), ஹேட்ச் (உள்ளே நிரப்பும் கோலம்) எல்லாம் தையல். அன்குரூப் கயிற்றை மட்டும் அவிழ்க்கும். எக்ஸ்ப்ளோட், அதாவது நீங்கள் அடித்த அந்த எக்ஸ், தையலைத்தான் அறுக்கும், கயிற்றை அது பார்ப்பதே இல்லை.

உங்கள் டிராயிங்கில் ஆர்க்கிடெக்ட் 24 தூணையும் கிரிட் கோடுகளையும் பபுள்களையும் ஒரு குரூப்பாகக் கட்டியிருக்கிறார். காரணமும் இருக்கும்: சர்வே பிளான் மேல் மொத்த கிரிட்டையும் ஒரே பிடியில் நகர்த்திப் பார்த்திருப்பார். நீங்கள் எக்ஸ் அடித்ததும் மென்பொருள் குரூப்புக்குள் இருந்த ஒவ்வொரு பொருளாக எடுத்து, உடைக்க முடிந்ததை எல்லாம் உடைத்துவிட்டது. தூண் ஒவ்வொன்றும் செவ்வகப் பாலிலைன், அது நாலு கோடாயிற்று. 24 தூண், 96 கோடு. பபுள் ஒவ்வொன்றும் அட்ரிப்யூட், அதாவது எழுத்து நிரப்பும் கட்டம், வைத்த பிளாக். உடைந்ததும் அதற்குள் நிரப்பியிருந்த ஏ, பி, 1, 2 போய், அந்தக் கட்டத்தின் உள்பெயர், அதாவது டேக், வெளியே வந்துவிட்டது. எல்லா பபுளும் ஒரே பிளாக்கின் நகல் என்பதால் எல்லாவற்றிலும் அதே வார்த்தை. கிரிட் கோடுகள் சாதாரணக் கோடுகள், அவற்றில் உடைக்க ஒன்றுமில்லை. அதனால் அவை தப்பித்து, பழைய குரூப்பிலேயே கட்டுண்டு கிடக்கின்றன. உடைந்து பிறந்த புதுத் துண்டுகள் எந்தக் குரூப்பிலும் தானாகச் சேராது. அதனால்தான் தூண் மட்டும் "பிரிந்த மாதிரி" தெரிகிறது. பக்கத்து சீட்டுக்காரர் சொன்னது வேலை செய்ததாகத் தோன்றியதும் இதனால்தான். ஆபத்தே அங்குதான் இருக்கிறது: குரூப்பை எக்ஸால் பிரிக்கிறவர்களுக்குப் பாதி நேரம் வெற்றி கிடைத்த மாதிரியே இருக்கும்.

தூண் நாலு கோடானால் என்ன குடி முழுகிப்போச்சு என்று கேட்கலாம். பார்ப்பதற்கு அதே தூண்தான். ஆனால் மூடிய பாலிலைனாக இருந்தால் அதைத் தொட்டதும் பிராப்பர்ட்டீஸில் பரப்பளவு வரும். 24-ஐயும் ஒன்றாகப் பிடித்தால் கான்கிரீட் அளவு கணக்கிட வசதி. ஹேட்ச் போட ஒரே தட்டு. நகர்த்தும்போது ஒரு பக்கக் கோடு மட்டும் பின்தங்கி நிற்காது. கோடாகிவிட்டால் இத்தனையும் போச்சு. கெட்ட ஃபைலில்தான் வேலை செய்தாக வேண்டும் என்ற நிலை வந்தால் பி.எடிட் கட்டளையில் மல்டிபிள் கொடுத்து, 96 கோட்டையும் பிடித்து, பாலிலைனாக மாற்றவா என்று கேட்கும்போது ஆம் சொல்லி, ஜாயின் கொடுத்து, இடைவெளி 0 என்று போடுங்கள். மூலைகள் சரியாகத் தொட்டுக்கொண்டிருந்தால் 24 தூணும் திரும்பி வரும். பபுளுக்கு அப்படி மருந்து இல்லை. நல்ல பபுள் ஒன்றை வேறு டிராயிங்கிலிருந்து கொண்டுவந்து, ஒவ்வொன்றிலும் எழுத்தைத் திரும்ப நிரப்ப வேண்டியதுதான்.

சரி, நல்ல ஃபைல் கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் கை நேராக அன்குரூப்புக்குப் போக வேண்டாம். ஒரு தூணைத் தள்ள முழுக் கட்டையும் அவிழ்ப்பானேன்? கண்ட்ரோல் எச் அழுத்துங்கள். குரூப் இருக்கும், ஆனால் அதன் பிடி தற்காலிகமாகத் தளர்ந்துவிடும். இப்போது அந்த ஒரு தூணைத் தொட்டால் அது மட்டும் வரும். மூவ் கொடுத்து 150 தள்ளுங்கள். மறுபடி கண்ட்ரோல் எச். பழையபடி எல்லாம் ஒன்று. கண்ட்ரோல் ஷிஃப்ட் ஏ-வும் இதே வேலையைச் செய்யும். இதற்குப் பின்னால் இருப்பது பிக்ஸ்டைல் என்ற மாறி, அதாவது எண் கொடுத்து மாற்றும் ஓர் உள் அமைப்பு. 0 என்றால் குரூப் பிடி இல்லை, 1 என்றால் உண்டு. 2-ம் 3-ம் ஹேட்ச்சைத் தொட்டால் அதன் எல்லையும் சேர்ந்து வர வேண்டுமா என்பது பற்றியவை. பெரும்பாலும் 1-லேயே விட்டு வையுங்கள்.

என்னைக் கேட்டால், "அன்குரூப் எப்படி" என்று கேட்கிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இந்தக் கண்ட்ரோல் எச் போதும்.

நிஜமாகவே அவிழ்க்கத்தான் வேண்டும் என்றால் அன்குரூப் என்று டைப் செய்து குரூப்பில் ஏதாவது ஒரு பொருளைத் தொடுங்கள், அவ்வளவுதான். ஹோம் டேபில் குரூப்ஸ் பேனலிலும் அந்த பட்டன் இருக்கிறது. பெயர் தெரிந்தால் பெயரைக் கொடுத்தும் அவிழ்க்கலாம். ஒரே பொருள் இரண்டு மூன்று குரூப்பில் இருக்கலாம், குரூப்புக்குள் குரூப்பும் இருக்கலாம். அப்படி இருந்தால் எது என்று கேட்கும்: இதுதான் என்று ஒப்புக்கொள்ளலாம், அடுத்தது என்று தாண்டலாம். ஒரு முறை அவிழ்த்தும் இன்னும் சேர்ந்தே வருகிறது என்றால் உள்ளே இன்னொரு கயிறு இருக்கிறது, மறுபடி அடியுங்கள்.

ஒரு பொருளை மட்டும் கட்டிலிருந்து நிரந்தரமாக உருவ வேண்டும் என்றால் அதற்கு குரூப் எடிட். ரிமூவ் கொடுத்து அந்த ஒன்றைத் தொட்டால் அது மட்டும் வெளியே, மற்றவை உள்ளேயே. இதை யாரும் பயன்படுத்துவதில்லை. ஏன் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

இன்னொரு சிக்கல், குரூப்பைக் காப்பி செய்தால் வருவது. நீங்கள் "தூண்" என்று பெயர் வைத்த குரூப்பை பத்து இடத்தில் காப்பி போட்டால் பத்தும் புதுசாகப் பெயரில்லாத குரூப் ஆகிவிடும். உள்ளுக்குள் நட்சத்திரக் குறியும் ஏ-வும் எண்ணும் சேர்த்து மென்பொருளே ஒரு பெயர் வைத்துக்கொள்ளும். அதனால் "தூண்" என்று பெயர் சொல்லி அவிழ்த்தால் முதலாவது மட்டும்தான் அவிழும். மொத்தத்தையும் ஒரே இடத்தில் பார்க்க கிளாசிக்குரூப் என்று அடித்துப் பாருங்கள். பழைய பெட்டி திறக்கும். அதில் பெயரில்லாதவற்றையும் காட்டு என்ற கட்டத்தை டிக் செய்தால் பட்டியல் முழுதாக வரும். எதைத் தேர்ந்தெடுத்து ஹைலைட் கொடுத்தாலும் டிராயிங்கில் அது மின்னும். இங்கே ஒரு வேடிக்கை. இந்தப் பெட்டியில் குரூப்பை அவிழ்க்கும் பட்டனின் பெயரே எக்ஸ்ப்ளோட். இது வெறும் கயிற்றைத்தான் அவிழ்க்கும், பொருளை உடைக்காது. 2012 பதிப்புக்கு முன்னால் ஜி என்று அடித்தாலே இந்தப் பெட்டிதான் வரும். அந்தக் காலத்தில் கற்றுக்கொண்ட சீனியர்கள் "குரூப்பை எக்ஸ்ப்ளோட் பண்ணு" என்று சொல்வது இந்த பட்டனை நினைத்துத்தான் என்பது என் ஊகம். கேட்கிற பையன் கட்டளை வரியில் எக்ஸ் அடித்துவிடுகிறான். உங்கள் பக்கத்து சீட்டுக்காரருக்கும் அப்படி யாரோ சொல்லியிருக்கலாம், அவர்மேல் கோபப்பட வேண்டாம்.

ஃபிளெக்ஸ் போர்டு டிசைன் செய்துவிட்டு இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கோரல் டிராவில் கண்ட்ரோல் ஜி குரூப், கண்ட்ரோல் யூ அன்குரூப். அந்தக் கைப்பழக்கத்தில் ஆட்டோகேட்டில் கண்ட்ரோல் ஜி அடித்தால் திரையில் கட்டம் கட்டமாக கிரிட் வரும் அல்லது போகும். கண்ட்ரோல் யூ அடித்தால் கோட்டை நேராகப் பிடித்து நிறுத்தும் போலார் டிராக்கிங் அணையும். "குரூப் ஆகவே மாட்டேங்குது, கோடு வேற நேரா நிக்க மாட்டேங்குது" என்று என்னிடம் வந்த ஒரு பெண்ணுக்கு நடந்தது இதுதான். இரண்டு புகாருக்கும் காரணம் ஒரே விரல்.

இனி முக்கியமான விஷயம். தொட்டால் சேர்ந்து வருவதெல்லாம் குரூப் அல்ல. உடைப்பதற்கோ அவிழ்ப்பதற்கோ முன்னால் அது என்ன என்று அடையாளம் காண வேண்டும். ஐந்து நொடி வேலை. ஒரு முறை தொட்டுவிட்டு கண்ட்ரோல் 1 அழுத்தினால் பிராப்பர்ட்டீஸ் திறக்கும், அதன் தலையில் இருக்கும் பெட்டியைப் பாருங்கள். எல்லாம் என்று போட்டுப் பக்கத்தில் ஒரு எண் இருந்தால் பல பொருள்கள் சேர்ந்து வந்திருக்கின்றன, குரூப்பாக இருக்கலாம். பிளாக் ரெஃபரன்ஸ் என்று இருந்தால் பிளாக். அர்ரே என்று இருந்தால் அர்ரே, அதாவது ஒன்றையே வரிசையாக நகலெடுத்தது. கண்ணால் பார்த்தும் சொல்லலாம்: குரூப்பைத் தொட்டால் சுற்றிலும் ஒரு பெட்டிக் கோடு தெரியும், நடுவில் ஒரே ஒரு நீலப் புள்ளி. சாதாரண பிளாக்கில் பெட்டிக் கோடு இருக்காது, அதைச் செருகிய இடத்தில் மட்டும் புள்ளி.

தூண் விஷயத்தில் அர்ரே அடிக்கடி மாட்டும். 24 தூணை ஒன்றொன்றாக யார் வரைவார்கள்? ஒன்றை வரைந்து அர்ரே கொடுத்திருப்பார்கள். 2012-லிருந்து அர்ரே வழக்கமாக ஒரே பொருளாகவே பிறக்கிறது. அதில் கண்ட்ரோல் எச் எதுவும் செய்யாது, அன்குரூப் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. ஆனால் கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு ஒரு தூணைத் தொட்டால் அது மட்டும் வரும், நகர்த்தலாம், அழிக்கலாம். மற்ற 23-ம் அர்ரேயாகவே இருக்கும். பின்னால் ஆர்க்கிடெக்ட் "தூணுக்குத் தூண் 5 மீட்டர் இல்லை, 5.2 வைங்க" என்றால் ஒரு எண்ணை மாற்றினால் போதும். அர்ரேயை உடைத்தால் பெரிய பாவமில்லை, ஒரு முறை எக்ஸ் அடித்தால் தனித்தனித் தூணாகும். இரண்டாவது முறை எக்ஸ் அடித்தால்தான் தூணே கோடாகும். பொறுமையில்லாமல் இரண்டு தடவை தட்டுகிறவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள்.

பிளாக்குக்கு வருவோம். பிளாக்கின் இலக்கணம் டிராயிங்குக்குள் ஒரே இடத்தில் இருக்கிறது. ஷீட்டில் தெரிகிறதெல்லாம் அதன் நகல்கள். ஷூ தொழிற்சாலையில் ஒரே கட்டிங் டையில் ஆயிரம் துண்டு வெட்டுகிற மாதிரி. இங்கே கூடுதல் வசதி, டையை மாற்றினால் ஏற்கெனவே வெட்டிய துண்டும் மாறிவிடும். ஒரு கதவு பிளாக்கை பிளாக் எடிட்டரில் திறந்து மாற்றினால் அந்த ஃபைலில் உள்ள எல்லாக் கதவும் மாறும். உடைத்த கதவுக்கு அந்தத் தகவல் போகவே போகாது.

இதை நான் சொல்லிப் புரிந்ததைவிட அரசாங்கம் சொல்லித்தான் எங்கள் ஆபீசில் பலருக்குப் புரிந்தது. வேலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு மாவட்டத்தின் பெயர் மாறுவது பழகிப்போன சங்கதி. வட ஆற்காட்டை 1989-ல் இரண்டாகப் பிரித்தார்கள், அது அம்பேத்கர் பெயரோடு சேர்ந்து, பிறகு வேலூர் ஆனது. 2019-ல் அதுவும் மூன்றாகி ராணிப்பேட்டை, திருப்பத்தூர் தனி மாவட்டங்கள். அப்போது எங்களிடம் ராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலை வேலை ஓடிக்கொண்டிருந்தது, ஒரே ஃபைலில் 18 ஷீட். ஷீட் ஓரத்தில் வேலை விவரம் எழுதும் டைட்டில் பிளாக் எல்லாவற்றிலும் "வேலூர் மாவட்டம்" என்று நிலையான எழுத்து. பிளாக்காக இருந்த ஷீட்டுகளில் எடிட்டரில் ஒரு முறை திறந்து ஊர்ப்பெயரை மாற்றி மூடினேன், மாறிவிட்டன. ஐந்து ஷீட் மட்டும் வேலூர் மாவட்டத்திலேயே நின்றன. யாரோ ஒரு கட்டத்தை அகலமாக்குவதற்காக அந்த ஐந்தையும் உடைத்து வைத்திருந்தார்கள். யார் என்று கேட்டேன். எல்லோரும் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிளாக்கை உடைத்தால் வேறு என்னென்ன ஆகும்? லேயர் என்பது டிராயிங்கின் ஓர் அடுக்கு, நிறம் அதை வைத்தே வரும்; லேயர் 0-வில் வரைந்து வேறு லேயரில் செருகிய பிளாக்காக இருந்தால், துண்டுகள் திரும்ப லேயர் 0-வுக்கே ஓடும். பச்சையாக இருந்த ஜன்னல் வெள்ளையாகும். நிறத்தை வைத்துத்தான் பிளாட்டில் கோட்டின் தடிமன் வருகிறது என்றால், மெல்லிசாக வர வேண்டியது பிரிண்ட்டில் தடியாக வரும். திரையில் கவனிக்கமாட்டீர்கள், ஏ1 ஷீட்டைக் கடையில் பிளாட் எடுத்து விரித்தபிறகுதான் தெரியும். அட்ரிப்யூட் கதை உங்கள் பபுளிலேயே பார்த்தாயிற்று. உடைத்தே ஆக வேண்டும், எழுத்தும் போகக்கூடாது என்றால் எக்ஸ் வேண்டாம், எக்ஸ்பிரஸ் டூல்ஸில் பர்ஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. அது நிரப்பிய எழுத்தைச் சாதாரண டெக்ஸ்ட்டாக அப்படியே விட்டுவிடும், லேயரும் பிளாக் இருந்த லேயரிலேயே நிற்கும். உங்கள் 14 பபுளுக்கும் அன்று இதை அடித்திருந்தால் இந்தக் கேள்வியில் பாதி இருந்திருக்காது.

உடைத்துத் தொலைக்கலாம் என்று நான் சொல்லும் பிளாக் ஒன்று உண்டு. பெயரைப் பார்த்தால் ஏ, டாலர் குறி, சி, பிறகு தலையும் வாலும் புரியாத எழுத்துகள் என்று இருக்கும். வேறு டிராயிங்கிலிருந்து காப்பி செய்து கண்ட்ரோல் ஷிஃப்ட் வி அடித்து ஒட்டினால் அது இப்படிப் பெயரோடு ஒரு பிளாக்காக வந்து உட்காரும். யாரும் திட்டமிட்டு உருவாக்கியதல்ல, விரல் தவறிப் பிறந்தது. ஒரு முறை எக்ஸ் அடித்து, பயன்படாததை நீக்கும் பர்ஜ் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

எக்ஸ் அடித்தும் அசையாத பொருள்களும் இருக்கும். லேயர் பூட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பாதி நேரம் அதுதான். பிளாக்கை உருவாக்கும்போது உடைக்க அனுமதி என்ற டிக்கை எடுத்துவிட்டிருந்தாலும் உடையாது. அந்த பிளாக்கை எடிட்டரில் திறந்து, எதையும் தொடாமல் பிராப்பர்ட்டீஸில் அந்த அனுமதியைக் கொடுத்தால் உடையும். எக்ஸ்ரெஃப் என்றால் அது உங்கள் ஃபைலிலேயே இல்லை, வேறொரு ஃபைலிலிருந்து எட்டிப்பார்க்கிறது. பைண்ட் செய்து உங்கள் ஃபைலோடு சேர்த்தபிறகுதான் உடைப்பது பற்றிப் பேச முடியும். பிளாக்கை வரிசையாகச் செருகும் எம்இன்செர்ட் கட்டளையில் செருகியது எக்ஸுக்கு மசியாது. டிராயிங்கை யாரும் கை வைக்காமல் இருக்க வேண்டுமென்றே சிலர் அப்படிச் செய்து அனுப்புவார்கள். அப்படி வந்தால் அனுப்பியவருக்கு ஒரு போன் போடுவதுதான் மரியாதை.

உடைக்கவே கூடாதது என்று நான் வைத்திருப்பது டைமென்ஷன். இதற்குக் காரணம் நானே.

வேலைக்குச் சேர்ந்த புதிது. சத்துவாச்சாரியில் ஒரு வீடு. ஒரு பெட்ரூம் 10 அடி அகலம், அதை ஒட்டி 5 அடியில் பாத்ரூம். அந்தப் பெட்ரூம் டைமென்ஷனில் அம்புக்குறி பெரிசாக இருந்து கோட்டோடு இடித்தது. ஸ்டைலில் மாற்றத் தெரியாது, பிராப்பர்ட்டீஸில் அந்த ஒன்றுக்கு மட்டும் மாற்றலாம் என்பதும் தெரியாது. உடைத்து, அம்பைச் சின்னதாக்கி, அழகாக இருக்கிறது என்று திருப்திப்பட்டுக்கொண்டேன். அடுத்த வாரம் வீட்டுக்காரம்மா பாத்ரூம் அரை அடி பெரிசாக வேண்டும் என்றார்கள். ஸ்ட்ரெட்ச் போட்டு நடுச் சுவரைத் தள்ளினேன். பாத்ரூம் டைமென்ஷன் உயிரோடு இருந்ததால் தானாக ஐந்தரை ஆனது. பெட்ரூம் ஒன்பதரை ஆகியிருக்க வேண்டும், ஆனால் உடைத்த எழுத்து 10 என்றே நின்றது. கவனிக்காமல் பிரிண்ட் போய்விட்டது. இரண்டு நாள் கழித்து மேஸ்திரி சைட்டிலிருந்து போன் செய்தார். "சார், வெளி அளவு சரியாகீது. உள்ள ரெண்டு ரூமையும் கூட்டுனா ஆறு இன்ச் இடிக்குது. நூல் கட்டி வெச்சிட்டு உக்காந்திருக்கேன், இன்னா பண்ணட்டும்?" கூட்டிப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இருந்ததால் சுவர் தப்பித்தது. அன்று சாயங்காலம் முதலாளி என்னை உட்கார வைத்து அந்த வீட்டின் எல்லா டைமென்ஷனையும் அழித்துவிட்டுத் திரும்பப் போடச் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் சீக்கிரம் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

ஹேட்ச்சை உடைத்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல ஒரு வரி போதும்: செங்கல் ஹேட்ச் ஒன்று சில ஆயிரம் கோடாகும், ஃபைல் ஊதும், கம்ப்யூட்டர் திணறும். வேண்டாம்.

ஆட்டோகேட் இல்லாமல் பிரிக்ஸ்கேட், இசட்டபிள்யூகேட் மாதிரி மென்பொருள் வைத்திருக்கிறவர்களுக்கும் மேலே சொன்னதில் பெரும்பகுதி பொருந்தும், கட்டளைப் பெயர்கள்கூட ஏறக்குறைய அவையே. ஸ்கெட்ச்அப் மட்டும் வேறு பிறவி. அங்கே குரூப்பைப் பிரிப்பதற்கே எக்ஸ்ப்ளோட் என்றுதான் பெயர். உள்ளே இருப்பதைத் தொட வேண்டுமென்றால் பிரிக்கவே தேவையில்லை, இரண்டு முறை கிளிக் செய்து உள்ளே போய் வேலை பார்த்துவிட்டு வெளியே வரலாம். அங்கே பழகியவர்கள் இங்கே வந்தும் எக்ஸ்ப்ளோட் தேடுவதில் ஆச்சரியமில்லை.

இனி உங்கள் தூணுக்கு. மெயிலில் வந்த அசல் ஃபைலை வேறு பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள். ஆர்க்கிடெக்ட்டின் ஃபைலில் அவர் கட்டிய கயிற்றை நாம் அவிழ்த்துத் திருப்பி அனுப்பினால் அடுத்த முறை அவர் கிரிட்டை நகர்த்தும்போது பாதி நகரும், பாதி நிற்கும், பழி உங்கள் ஆபீஸ்மேல் வரும். தூணைத் தொட்டு கண்ட்ரோல் 1-ல் அது குரூப்பா, அர்ரேயா என்று பாருங்கள். அர்ரே என்றால் கண்ட்ரோல் பிடித்து ஒரு தூணைத் தொட்டு நகர்த்துங்கள். குரூப் என்றால் கண்ட்ரோல் எச், மூவ், 150, மறுபடி கண்ட்ரோல் எச். அந்தத் தூணுக்கு கிரிட்டிலிருந்து விலகும் அளவைக் காட்டி ஒரு டைமென்ஷன் போட்டுவிடுங்கள், சைட்டில் யாரும் கிரிட் மேலேயே குழி தோண்டிவிடக் கூடாது.

கடைசி கண்ட்ரோல் எச்-ஐ மட்டும் மறக்காதீர்கள். பிக்ஸ்டைல் ஃபைலோடு போகாது, உங்கள் கம்ப்யூட்டரோடு இருக்கும். மறந்துவிட்டால் நாளைக்குத் திறக்கிற எல்லா டிராயிங்கிலும் ஒரு குரூப்பும் சேர்ந்து வராது, "குரூப் போட்டால் பிடிக்கவே மாட்டேன் என்கிறது" என்று அடுத்த கேள்வியோடு வந்து நிற்பீர்கள்.